பின்களத்து மனிதர்

உதைபந்தாட்டச் செய்தியில் கோல் போட்டவரின் பெயரையே தலைப்பில் இடுவோம். தடுப்பவர் தவறினால் மட்டுமே செய்தியாவார். பத்திரிகையில் உப ஆசிரியனின் நிலையும் அதுவே. அதனால்தானோ என்னவோ, பிரான்ஸின் பின்கள வீரர் லிலியன் துராம் மீது எனக்குத் தனிப் பிரியம்.

1972இல் குவாதலூப் தீவில் பிறந்து, ஒன்பது வயதில் பாரிஸ் புறநகருக்கு வந்தவர். மொனாகோ, பார்மா, யுவென்டஸ், பார்சிலோனா எனப் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் லீக்குகளில் பதினேழு ஆண்டுகள் ஆடினார்.

1998 ஜூலை 8, உலகக் கிண்ண அரையிறுதி. கொழும்பில் நள்ளிரவு கடந்திருந்தது. ஆசிரிய பீடத்துத் தொலைக்காட்சியின் முன் குழுமியிருந்தோம். குரோஷியாவின் சூக்கர் முதல் கோலைப் போட்டார். பின்தங்கி நின்று அவரை ஓஃப் சைட் ஆகாமல் காத்துவிட்டவர் துராம்தான். அடுத்த நிமிடமே அவரே கோலைச் சமன் செய்தார். பின்னர் இன்னொன்றும் போட்டார். பிரான்ஸ் 2-1 என வென்றது.

நாட்டுக்காக அவர் ஆடிய 142 போட்டிகளில் போட்டவை அந்த இரண்டு கோல்களே. 2008இல் இதயக் குறைபாடு கண்டறியப்பட்டதும் ஓய்வுபெற்று, இனவாதத்துக்கு எதிரான கல்விக்காக அறக்கட்டளை தொடங்கினார்.

மறுநாள் நான் இட்ட தலைப்பில் துராமின் பெயர் இருந்தது. மற்றைய 141 போட்டிகளுக்கும் சேர்த்தே அதை இட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.