சுருட்டிய துண்டு

காலையில் பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை பிரித்தால் சுக்கும் மிளகும் அந்த அறை வரைக்கும் மணக்கும். மட்டாஞ்சேரியில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி அறை. நாலு கட்டில், ஒரு நிலைக்கண்ணாடி, கூட வந்தவர்களுக்குச் சுவரோரமாக ஒரு பெஞ்சு. அத்தையின் தோள்பட்டைக்குப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

முதல் கட்டிலில் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடித்துக் கட்டிய கைலி. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, நகத்தோரம் வெடித்திருக்கின்றன. ஆயுசு முழுக்கத் தண்ணீரில் கிடந்த கை. இடது முழங்கால் சில்லுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன பிளாஸ்திரி. அறுவை நடந்ததற்கு அவ்வளவுதான் அடையாளம். முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கிறாள் பயிற்சி கொடுக்கும் பெண். அவள் பேச்சு மலையாளம். அவருக்காகத் தமிழைக் கலந்துகொள்கிறாள்.

"துண்டை அமுக்குங்க சேட்டா. பத்து எண்ணுற வரைக்கும் விடக் கூடாது."

அமுக்குகிறார். தொடை நடுங்குகிறது. ஏழு எண்ணும்போதே விட்டுப்போகிறது. ஈரப் போர்வைகளைத் தோளில் போட்டு நடந்த கால் ஒரு துண்டை அமுக்க முடியாமல் நடுங்குவதை அவர் நம்ப முடியாமல் பார்க்கிறார். முட்டிக்குள் வலியும் நீரும் சேர்ந்தால், தொடையின் முன்பக்கத் தசையை நரம்பு மண்டலமே அடக்கி வைத்துவிடும். சில வாரங்களில் தொடை இளைத்தும் போகும். அதைத் தட்டி எழுப்பத்தான் இந்தத் துண்டு.

அவர் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்திலுள்ள தோபிகானாவில் துணி வெளுப்பவர். டச்சுக்காரர்கள் காலத்தில் படையினரின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இன்றைக்கும் வீட்டில் தமிழ்தான். இப்போதிருக்கும் தோபிகானாவைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-ல் கட்டிக் கொடுத்தது. வரிசையாகச் சிறு சிறு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் தொட்டியும் துவைகல்லும். முறுக்கிய இரட்டைக் கயிற்றுக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுகிறார்கள். குனிவது, நிமிர்வது, பளுவோடு திரும்புவது. எல்லாம் முழங்காலின் தலையில்தான் விழுகிறது.

பக்கத்துக் கட்டில் பையனிடம் அவர் கதை சொல்கிறார்.

"ஈரத்துணியைத் தூக்கிட்டுத் திரும்பினேன். உள்ளே டக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் காலை நீட்ட முடியல. பூட்டு போட்டது கணக்கா நின்னுடுச்சு."

தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் உண்டு. நம் ஊரில் ஜவ்வு என்கிறார்கள். மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்கிறார்கள். அது கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டுக்கு நடுவே மடிந்து சிக்கிக்கொண்டால் கால் நீளாது. மருந்து மாத்திரைக்கு அது அசையாது. மூட்டில் சின்னத் துளை போட்டுச் செய்யும் நுண்துளை சிகிச்சைக்கென்றே அமைந்த முழங்கால் என்றால் இவருடையதுதான்.

அறுவைக்கு முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்தினார்களாம். காலையில் முதுகுத்தண்டில் ஓர் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் ஒரு பட்டை. பிறகு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இரண்டு கீறல். ஒன்றின் வழியாக நாலு மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாய், மற்றதன் வழியாகக் கருவி. உள்ளே இடம் விரியவும் பார்வை தெளியவும் உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் முழு நினைவோடு படுத்துக்கொண்டு திரையைப் பார்த்திருக்கிறார்.

"என் முட்டியை நானே உள்ளே போய்ப் பாத்தேன்டா. எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. தண்ணிக்குள்ளே கிழிஞ்ச வேட்டியோட நுனி ஆடுமே, அப்படி ஆடிட்டிருந்துச்சு. டாக்டர் அதைக் கத்தரிச்சு எடுத்துட்டார்."

இதைவிடத் துல்லியமாக இன்னொருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாக் கிழிசலையும் கத்தரிப்பதில்லை. மெனிஸ்கஸின் வெளி விளிம்பில் மட்டும்தான் நல்ல ரத்த ஓட்டம் உண்டு. கிழிசல் அங்கே இருந்தால் தைத்துவிடலாம், ஒட்டிக்கொள்ளும். உள் ஓரத்தில் கிழிந்தது தானாக ஆறாது. பிசிறை மட்டும் நீக்கிச் சீராக்குவார்கள். கத்தரித்துக்கொண்டவர் பெரும்பாலும் அன்றே ஊன்றி நடப்பார், அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போவார். தைத்துக்கொண்டவர் பல வாரங்கள் ஊன்றுகோலோடு இருக்க வேண்டும், குத்தவைத்து உட்காரவே கூடாது. ஆனாலும் மெத்தை முழுசாக மிஞ்சுவதால் தையலுக்கு வழியிருந்தால் தைப்பதுதான் நல்லது. மயக்கம் தெளிந்ததும் நோயாளி முதலில் கேட்க வேண்டியது, உள்ளே என்ன செய்தார்கள் என்பதைத்தான். வெளியே இருக்கும் இரண்டு தழும்பை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அவர் மனைவி வாசலோரம் நிற்கிறார். கையில் தூக்குவாளி.

"எப்போ வேலைக்குப் போகலாம்னு கேளுங்க."

"உக்காந்து செய்யுற வேலைன்னா ரெண்டு வாரத்துல போகலாம் சேச்சி. இவரோட வேலைக்கு ஆறு வாரமாவது ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். தையல் பிரிச்சுப் புண்ணு நல்லா மூடுற வரைக்கும் தண்ணியில நிக்கவே கூடாது."

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. வாளியின் பிடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். சின்னத் துளை என்பதால் சீக்கிரம் குணமாகிவிடும் என்று ஊரார் சொல்லி அனுப்பியிருப்பார்கள். தோல் சீக்கிரம் ஆறிவிடும். தண்ணீரில் நின்று பிழைப்பவருக்கு ஆறு வாரம் என்பது வருமானமில்லாத ஆறு வாரம். இதை அறுவைக்கு முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பையனுக்கு இருபது வயதிருக்கும். பரேட் மைதானத்தில் பந்து ஆடுகிறவன். முன் சிலுவை நார், அதாவது ஏசிஎல், அறுந்து, தன் தொடையின் பின்பக்கத் தசைநாரையே எடுத்துப் புது நாராகப் பொருத்திக்கொண்டவன். அதுவும் நுண்துளை வழியாகத்தான். அதனால் தன் கட்டிலும் பக்கத்துக் கட்டிலும் ஒன்று என்று நினைக்கிறான்.

"லூனா நாலு மாசத்துல வந்துட்டாரே?"

கேரள பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்த அட்ரியன் லூனாவைச் சொல்கிறான். 2023 டிசம்பரில் முழங்காலில் அடிபட்டு நுண்துளை சிகிச்சை செய்துகொண்டு, 2024 ஏப்ரலில் மறுபடி ஆட வந்தவர்.

"அவருக்குப் பட்டது வேற அடி மோனே. ஜிங்கனை நினைச்சுக்கோ" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

அதே அணியில் இருந்த சந்தேஷ் ஜிங்கனுக்கு 2019 அக்டோபரில் ஏசிஎல் அறுந்தது. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. புது நார் எலும்போடு பிடித்து வலுப்பெற மாதங்கள் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் பந்தைத் தொட்டால் மறுபடி அறுந்துபோகும் ஆபத்து அதிகம். பையன் பதில் பேசவில்லை. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினான்.

அந்தப் பெண்ணிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். யார் வந்தாலும் பயிற்சிக்கு முன் கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பாள். வலிக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா. நாளத்தில் ரத்தம் உறைவதும் மூட்டுக்குள் கிருமி தொற்றுவதும் இந்தச் சிகிச்சையில் அரிது. வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது கட்டிலில் ஒரு பாட்டி. எழுபதை ஒட்டிய வயது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். ஒரு நாள் மருத்துவரே அறைக்குள் வந்தார்.

"அவருக்குப் பண்ணின அந்தச் சின்ன ஓட்டை ஆபரேஷனை எனக்கும் பண்ணிடுங்கோ டாக்டர். படி ஏற முடியல."

மருத்துவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை. "அம்மா, உங்களுக்குக் கிழிசல் இல்ல, தேய்மானம். ஓட்டை போட்டுக் கழுவினா ஒரு பிரயோஜனமும் இல்ல. எடையைக் கொஞ்சம் குறைங்க, தொடைக்குப் பலம் ஏத்துங்க. அப்படியும் தாங்கலைன்னா மூட்டு மாத்துறதைப் பத்திப் பேசலாம்."

பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த மருத்துவர்மேல் மரியாதை வந்தது. தேய்ந்த முழங்காலைக் கழுவிச் சுரண்டும் சிகிச்சை உலகெங்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர மருத்துவர்கள் 180 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு உண்மையான சிகிச்சை. சிலருக்குத் தோலில் கீறித் தைத்ததோடு சரி. தமக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தும் வலியிலோ நடையிலோ வித்தியாசம் இல்லை. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வழிகாட்டுதலும், தேய்மானத்துக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. இத்தனைக்குப் பிறகும் வலியோடு வருகிறவரிடம் "வேண்டாம்" என்று சொல்வது எந்த மருத்துவருக்கும் சுலபமில்லை.

நுண்துளை சிகிச்சை பிறந்த கதையிலும் தரையில் உட்காரும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். காசநோய் தாக்கிய முழங்கால் விறைத்துப் போனால் ஜப்பானியர்களால் மண்டியிட்டு உட்கார முடியாது. நோயை முளையிலேயே கண்டுபிடிக்க வேண்டுமென்று டோக்கியோவின் கென்ஜி தகாகி 1918-ல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஓர் இறந்த உடலின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழிவந்த மசாகி வதனபே 1962-ல் கிழிந்த மெனிஸ்கஸை இந்த முறையில் முதன்முதலாக நீக்கினார். தோபிகானாவில் துணி வெளுப்பவர் மறுபடி தொட்டியோரம் குனிவதற்கான வழி அங்கிருந்து வந்தது.

முழங்கால் பூட்டிக்கொண்டால் யாரையும் பிடித்து இழுக்க விடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எனக்குக் கிழிசலா, தேய்மானமா? தைப்பீர்களா, கத்தரிப்பீர்களா? என் வேலைக்கு நான் என்றைக்குத் திரும்பலாம்? வீட்டுக்கு வந்த பின், தையல் பிரித்ததோடு பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு தொடையும் ஒரே பலத்துக்கு வரும்வரை தினமும் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்குங்கள்.