பல கருவி, ஒரு நெறி

மென்பொருள் ஆக்குவதைத் தொழிலாகக் கொண்ட பழைய மாணவன் ஒருவன் இம்மலருக்கு எதனை வரையலாம் என எண்ணியபொழுது, அண்மையில் எம் குழுவில் நிகழ்ந்த ஒன்றே முன்வந்து நின்றது.

இக்காலத்தில் நிரல் எழுதுவோர் பலர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் துணைக்கொள்கின்றனர். எம் குழுவினர் ஐவர். ஒருவர் கைக்கொள்வது கோபைலற்; மற்றொருவர் கேர்சர்; வேறொருவர் கோடெக்ஸ்; யான் குளோட் கோட். ஐந்தாமவராகிய மூத்தவர் எக்கருவியும் இன்றித் தம் கையாலேயே எழுதுபவர். பழகிய கருவியைக் கைவிட எவருக்கும் மனமில்லை. விடுமாறு வற்புறுத்துவதும் முறையன்று.

யாம் ஆக்கியது மருந்துக் கடைகளுக்கான இருப்புக் கணக்கு. அதிலே மருந்தின் காலாவதித் திகதி உயிர்நிலையானது. ஒரு கருவி அதனைத் திகதியாக மட்டும் பதிந்தது. மற்றொன்று நள்ளிரவு நேரத்தையும் சேர்த்து, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிப் பதிந்தது. இலங்கை நேரம் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. ஆதலின் மே 1ஆம் திகதி நள்ளிரவு, ஏப்ரல் 30ஆம் திகதி மாலை 6.30 ஆயிற்று. ஒரே மருந்து இரு பக்கங்களில் இரு திகதிகளைக் காட்டிற்று. கடைக்குச் செல்லுமுன் பரிசோதனையில் இஃது அகப்பட்டது நல்லூழே. பிழை மறுபுறம் சாய்ந்திருப்பின், காலங்கடந்த மருந்து நோயாளியின் கையை அடைந்திருக்கும்.

காரணத்தை ஆராய்ந்தோம். ஒவ்வொரு கருவியும் தனக்குரிய அறிவுரைக் கோப்பைத் தேடிப் படிக்கும். ஒன்றுக்குச் சொன்னது மற்றொன்றின் செவிக்கு எட்டாது. இக்குறையைப் போக்கவே 2025ஆம் ஆண்டில் 'ஏஜென்ற்ஸ்' என்னும் பொதுக் கோப்பு வழக்கிற்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது லினக்ஸ் அறநிலையத்தின் அரவணைப்புக்குட் சென்றது. யாமும் எம் விதிகளை அக்கோப்பில் எழுதினோம். கோபைலற், கேர்சர், கோடெக்ஸ் மூன்றும் அதனைப் படித்தன. குளோட் கோட் தன் பெயர் கொண்ட கோப்பையே நாடிற்று. அக்கோப்பில், பொதுக் கோப்பைப் படிக்குமாறு ஒரு வரி சேர்த்தோம். விதி ஓரிடத்தில், வாயில்கள் பல.

எழுத அமர்ந்தபொழுது மூத்தவர் வினவினார்: “தம்பி, காலாவதிக்கு நேரம் சேர்க்கக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எங்கே எழுதியிருக்கிறது?” விடை கூற எவராலும் இயலவில்லை. எம் வழக்கங்கள் யாவும் வாய்மொழியாகவே இருந்தன. புதிதாய்ச் சேர்ந்த இளைஞர்களும் அவற்றைத் தட்டுத் தடுமாறியே கற்றனர். கருவிகள் புதுக்குறை எதனையும் கொணரவில்லை. பழைய குறையை வெளிக்காட்டின.

கோப்பைச் சுருக்கமாகவே அமைத்தோம்; நீண்டால் முதன்மையானவை மறைந்துபோம். சோதனைகளை இயக்கும் கட்டளை. திகதியை ஆண்டு, மாதம், நாள் என மட்டும் பதிதல். தரவுத்தள அமைப்பைக் கேளாது மாற்றாமை. ஒவ்வொரு பணிக்கும் கிற்றில் தனிக்கிளை - இவையே அதன் சாரம். கோப்பும் கிற்றிலேயே இருத்தலின், விதியைத் திருத்துபவரும் மற்றொருவரின் ஒப்புதலைப் பெறல் வேண்டும்.

ஆயினும் எழுதிய விதி வேண்டுகோளே, பூட்டன்று. கருவி அதனைப் படித்தும் வழுவக்கூடும். ஆகவே திகதி விதியை ஒரு சோதனையாகவே எழுதி வைத்தோம். மாற்றத்தைப் பதியுமுன் அஃது எம் கணினியில் இயங்கும். அதனைத் தவிர்த்துச் செல்ல வழியுண்டு. எனவே பொதுச் சேவையகத்தில் மீண்டும் இயங்கும். அங்கே தேறாத நிரல், எக்கருவி எழுதினும், மூத்தவரின் கையே எழுதினும், முதற்கிளையிற் சேராது.

இத்துறையை நாடும் மாணவ நண்பர்காள்! எக்கருவி சிறந்தது என்று வாதிடுவதில் பொழுதைக் கழியாதீர். உங்கள் குழு உடன்பட்டவற்றை முதலில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவற்றுள் சோதிக்கக்கூடியவற்றைச் சோதனையாக்குங்கள். கருவிகள் ஆண்டுதோறும் மாறும். அப்பக்கம் உங்களுடன் நிற்கும்.