கிரூஸ் கிராமத்தில் ஒரு தாய்

பிரான்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது பாரிஸ் மாநகரும் ஈபெல் கோபுரமும்தான். அந்நாட்டின் நடுப்பகுதியிலே, சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத மாவட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் கிரூஸ். அங்கே ஒரு கருங்கல் வீட்டில் தனியாக வாழும் வயோதிபத் தாயைப் பார்க்க, பாரிஸில் தொழில் செய்யும் மகள் ஒருத்தி புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாருங்கள் சகோதரிகளே, அவளோடு நாமும் போய் வருவோம்.

பாரிஸின் ஒஸ்டர்லிட்ஸ் நிலையத்தில், லிமோஜ் நகர் நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் ஏற வேண்டும். பிரான்ஸின் பெயர்பெற்ற அதிவேக ரயில் இந்தப் பாதையில் ஓடுவதில்லை. ஓர்லியோன் வரை மேடுபள்ளமே இல்லாத கோதுமை வயல்கள். பிறகு லோவார் ஆற்றைத் தாண்டி, சத்தோரூ நகரையும் தாண்டினால் நிலம் மெல்ல மெல்ல மேடாகத் தொடங்கும். ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் லா சூத்தரேன் என்னும் சிறிய நிலையத்தில் இறங்கலாம். அதற்கப்பால் கிராமங்களுக்கு பஸ் கிடைப்பது அரிது. கார் இல்லாதவர் பாடு கஷ்டம்தான்.

பாதையின் இரு மருங்கும் உயிர்வேலி கட்டிய புல்வெளிகள். அவற்றில் லிமுசான் என்ற செம்பழுப்பு நிற மாடுகள் மேய்ந்து கொண்டிருக்கும். ஓரங்களில் செஸ்நட் மரங்கள். நாம் பலாக்கொட்டையை அவித்தும் சுட்டும் சாப்பிடுகிறோமே, அதுபோல அதன் கொட்டையை அவர்கள் சாப்பிடுவார்கள். ஒரு காலத்தில் அப்பகுதி ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அதுவே.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். கிராமத்துக்குக் கிராமம் பல வீடுகளின் மரக் கதவுகள் பகலிலும் மூடியே கிடக்கின்றன. 1851ஆம் ஆண்டில் கிரூஸின் சனத்தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 87 ஆயிரம். இன்று சுமார் 1 இலட்சத்து 15 ஆயிரம் மட்டுமே. பிரான்ஸில் முதியோர் விகிதம் மிக அதிகமான மாவட்டங்களில் இதுவும் ஒன்று.

பிள்ளைகள் எங்கே போனார்கள்? கிரூஸ் மண் வளம் குறைந்தது. ஆகவே அங்குள்ள ஆண்கள் கல்வேலை கற்று, ஒவ்வொரு வசந்த காலத்திலும் பாரிஸுக்குப் போய், குளிர்காலத்தில் வீடு திரும்புவார்கள். 1815இல் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த மார்த்தேன் நதோ, 14 வயதில், 1830இல், தகப்பனோடு பாரிஸுக்குப் புறப்பட்டார். அந்நாளில் பயணத்தின் பெரும்பகுதி கால்நடைதான். அந்த மேசன் பையன் பிற்காலத்தில் பாராளுமன்ற உறுப்பினராகி, தன் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வைத்தார். பாரிஸின் மாடமாளிகைகளை எழுப்பிய கைகளில் கிரூஸ் மேசன்மாரின் கைகள் அநேகம். அந்த மாதங்களில் தோட்டத்தையும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தவர்கள் பெண்கள்.

பிறகு ரயில் வந்தது. போனவர்கள் அங்கேயே தங்கத் தொடங்கினார்கள். 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தம் இன்னும் பல மைந்தரைக் கொண்டு போயிற்று. ஊர் நடுவிலுள்ள நினைவுக் கல்லில் அவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எஞ்சியவர்களின் பிள்ளைகள் படித்து, உத்தியோகம் தேடி நகரங்களுக்குப் போனார்கள். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பிய நம் வீடுகளுக்கு இந்தக் கதை புதிதல்ல.

இதோ, தாயின் வீடு வந்துவிட்டது. சமையலறைதான் வீட்டின் உயிர். விறகு அடுப்பு, மெழுகுத்துணி விரித்த மேசை, சுவரில் தபால்காரர் ஆண்டு முடிவில் வீடு வீடாகக் கொண்டுவரும் கலண்டர். அதில் மகள் வரும் திகதியைச் சுற்றி ஒரு வட்டம். "மமோன்" என்று அழைத்தபடி மகள் உள்ளே நுழைகிறாள். இரு கன்னங்களிலும் முத்தம். "இளைத்துவிட்டாயே" என்பது தாயின் முதல் வார்த்தை. எந்த நாட்டு உம்மாவும் இதைத்தானே சொல்வார்!

அந்தத் தாயின் கிழமை எப்படிக் கழிகிறது? பாண் விற்கும் வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். தாதி வந்து ஊசி போட்டுப் போவார். வீட்டு வேலைக்கு உதவ ஒரு பெண்மணி வருவார். 60 வயது தாண்டி, தன் காரியங்களைத் தானே செய்ய இயலாதவர்களுக்கு இந்த உதவிக்கென மாவட்ட நிர்வாகம் கொடுப்பனவு வழங்குகிறது. 2002 முதல் இது நடைமுறையில் உள்ளது. கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் அவசர உதவி வரும். 2017 முதல் அந்நாட்டுத் தபால் நிறுவனம் ஒரு புதிய சேவையையும் நடத்துகிறது. பிள்ளைகள் மாதக் கட்டணம் செலுத்தினால், தபால்காரர் குறித்த நாட்களில் தாயின் வீட்டுக் கதவைத் தட்டி, நலம் விசாரித்துப் பிள்ளைகளுக்கு அறிவிப்பார்.

இவை எல்லாவற்றிலும் பழைய ஏற்பாடு ஒன்றுண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. காலையில் முதிய அயல்வீட்டுக்காரியின் யன்னல் கதவு திறக்கிறதா என்று எதிர்வீட்டார் பார்ப்பார்கள். நேரம் சென்றும் திறக்காவிட்டால் போய்த் தட்டுவார்கள்.

இந்தச் சின்னக் காரியத்தின் பெறுமதியைப் பிரான்ஸ் 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கண்டுகொண்டது. கடும் வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். ஆகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். பிள்ளைகள் ஓய்வெடுக்கப் போயிருந்தார்கள். பாரிஸ் பகுதியில் பாதிப்பு மிகக் கடுமை. அங்கே உரிமை கோர யாருமே வராத 57 பேரின் உடல்கள், செப்டெம்பர் 3ஆம் திகதி ஜனாதிபதி சிராக்கின் முன்னிலையில் தியே மயானத்தில் அடக்கப்பட்டன. அவர்கள் ஆளில்லாத கிராமத்தில் இருந்தவர்களல்லர். பல இலட்சம் பேர் வாழும் தலைநகரில் இருந்தவர்கள். அதன் பின் 2004இல் சட்டம் இயற்றினார்கள். தனித்து வாழும் முதியோரின் பெயர்ப் பதிவேட்டை நகரசபைகள் வைத்திருக்க வேண்டும் என்றும், முதியோர் நலனுக்குப் பணம் திரட்டத் தொழிலாளர் ஆண்டில் ஒரு நாள் மேலதிக ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்றும் அது விதித்தது.

பிரான்ஸின் சிவில் சட்டக் கோவை 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்தது. அதன் 205ஆம் பிரிவு, வசதியற்ற தாய் தந்தையருக்குப் பிள்ளைகள் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்கிறது. 206ஆம் பிரிவு அந்தக் கடமையை மருமகன், மருமகள் மீதும் சுமத்துகிறது. பெற்றோரைப் பேணுவது ஈமானோடு சேர்ந்த கடமை என்று கற்ற நமக்கு, இது ஆச்சரியமாகவும் இருக்கும், மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனாலும் சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். பணம் கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். பக்கத்தில் வந்து அமரும்படி எந்த நீதிமன்றம் கட்டளையிட முடியும்?

பகல் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. முதலில் சூப். அடுத்து, மாவுக்குள் உருளைக்கிழங்கையும் பாலாடையையும் வைத்துச் சுட்ட, அப்பகுதிக்கே உரிய பண்டம். சில வீடுகளில் அதற்குள் பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள். ஆகவே நம்மவர் அங்கே விருந்துக்குப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் ஹேசல்நட் கொட்டை அரைத்துச் செய்த கேக். சாப்பாடு இரண்டு மணி நேரம் நீளும். தாய் பழைய கதை ஒன்றைச் சொல்கிறார். மகள் அதைப் பலமுறை கேட்டவள். ஆனாலும் புதிதாகக் கேட்பவள் போலக் கேட்கிறாள். பிறகு எழுந்து, மருந்துப் பெட்டியைத் திறந்து, மாத்திரைகள் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று எண்ணுகிறாள். எரியாத மின்குமிழை மாற்றுகிறாள். வழுக்கும் விரிப்பைச் சுருட்டி வைக்கிறாள். தபால்காரரின் விசாரிப்பில் இவை அகப்படுவதில்லை.

புறப்படும்போது காரின் பின்பக்கம் நிறைந்துவிடும். தோட்டத்து போஞ்சி, முட்டை, ஒரு போத்தல் ஜாம். "பாரிஸில் எல்லாம் கிடைக்கும்" என்று மகள் சொன்னாலும் தாய் கேட்பதில்லை.

நவம்பர் முதலாம் திகதி இந்தக் கிராமங்களுக்குப் போனால் வேறொரு காட்சியைக் காண்பீர்கள். அது கிறிஸ்தவர்கள் மரித்தோரின் கல்லறைகளுக்குச் செல்லும் நாள். ஆண்டு முழுவதும் மூடிக் கிடந்த வீடுகள் திறக்கும். தூர ஊர்களிலிருந்து கார்கள் வரும். செவ்வந்திப் பூச்சாடிகளால் மயானம் நிறைந்துவிடும். பிள்ளைகள் அனைவரும் வந்திருப்பார்கள். "இந்தப் பூவை நான் இருக்கும்போது என் மேசையில் வைத்திருக்கலாமே" என்று கல்லறைக்குள் இருக்கும் தாய் சொல்ல முடியாது.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? ஜனாஸாச் செய்தி கேட்டதும் எப்படியோ லீவு எடுத்து, கடன் வாங்கியாவது விமானம் ஏறும் நம் பிள்ளைகளுக்கு, அந்த லீவு ஆறு மாதம் முன்னதாகக் கிடைத்திருக்காதா? பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தும், பெருநாளைக்கு மட்டும் உம்மா வீட்டுப் படியேறுகிறவர்கள் நம்மில் இல்லையா? உங்கள் கணவரின் தாயும் அவ்வாறே ஒரு கலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும்.

விசேஷமில்லாத ஒரு சாதாரண நாளில், கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை, போய் ஒரு வேளை அவர்களோடு சாப்பிட்டு வாருங்கள். திரும்பும்போது உம்மா கட்டித் தரும் முருங்கைக்காயையும் மாங்காயையும் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.