ஆண் குதிரையைக் கழுவுவது பற்றி



தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாசியுங்கள். தரம் 9 பிள்ளைகளும் அப்படித்தான் சிரிப்பார்கள், பிறகுதான் கேள்வி கேட்பார்கள்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா போனால் கிரகரி வாவிப் பக்கம் பிள்ளைகளை மட்டக்குதிரையில் ஏற்றிப் படம் எடுக்காத குடும்பம் குறைவு. சவாரிக்கு விடும் ஆண் குதிரைகளை அடக்கமாக இருக்கட்டும் என்று காயடிப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். பிரச்சினை கூடுதலாக வருவதும் அவற்றுக்குத்தான்.

ஆண் குதிரையின் குறி ஒரு தோலுறைக்குள் இருக்கும். அந்த உறைக்குள் எண்ணெய்ப் பசை, இறந்த தோல், தூசி எல்லாம் சேர்ந்து கறுப்பாக அழுக்குப் படியும். காயடித்த குதிரைகளில் பல, சிறுநீர் கழிக்கும்போதுகூட குறியை முழுதாக வெளியே விடாது. அதனால் அழுக்கு உள்ளேயே தங்கும். சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றி ஒரு சிறு குழி உண்டு. அதற்குள் இந்த அழுக்கு இறுகி அவரை விதை போலக் கட்டியாகிவிடும். பெரிதானால் துவாரத்தை அழுத்தும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் குதிரை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி நின்றது. வந்த சிறுநீரும் இரண்டாகப் பிரிந்து சிதறியது. அவர் சூடு என்று நினைத்து மூன்று நாள் கைமருந்து கொடுத்தார். நாலாம் நாள் மிருக வைத்தியர் வந்து எடுத்தது சின்ன விரல் நுனியளவு கட்டி. அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. “அந்த இடத்த எப்படிப் பாக்கச் சொல்லுற சேர்?” என்றார். மூன்று நாள் வேதனைக்குக் காரணம் நோய் அல்ல, கூச்சம்.

செய்ய வேண்டியது இதுதான். பெரும்பாலான குதிரைகளுக்கு வருடத்துக்கு ஒரு தரம், கூடினால் இரண்டு தரம் போதும். கையுறை போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரும் மெல்லிய பஞ்சும் கொண்டு ஊறவைத்துத் துடைக்க வேண்டும். குதிரையின் பின்னால் நிற்கவே கூடாது. தோளோரம் நின்று, ஒரு கையை அதன் முதுகில் வைத்தபடி செய்ய வேண்டும். உதைக்கும் குதிரை என்றால் மிருக வைத்தியர் மயக்க மருந்து கொடுத்துச் செய்வார். அந்த மருந்தை நாமாகக் கொடுக்கக் கூடாது. சில மருந்துகளால் குறி உள்ளே திரும்பாமலே போகும் ஆபத்து, அரிதென்றாலும், உண்டு.

நல்லது என்று அடிக்கடி தேய்ப்பதும் தவறு. கடுமையான சவர்க்காரமும் கிருமிநாசினியும் அங்கே இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தை சூடோமோனாஸ் போன்ற கெட்டவை பிடித்துக்கொள்ளும். பொலிக்குதிரைகளில் இது இனச்சேர்க்கை வழியாகப் பெண் குதிரைக்கும் தொற்றும். நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளை யாரும் கழுவுவதில்லை. இயற்கை தன் வேலையைச் செய்கிறது. நாம் காயடித்து, கட்டி வைத்து வேலை வாங்கும் குதிரைக்குத்தான் நாம் பொறுப்பு.

கழுவுவதன் பெரிய பயன் பார்ப்பதுதான். உறை வீக்கம், ஆறாத புண், ஈ மொய்க்கும் காயம், சதை வளர்ச்சி, இரத்தம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அந்த இடத்தில் புற்றுநோய் வருவதும் உண்டு, விசேஷமாக இளஞ்சிவப்புத் தோல் உள்ள குதிரைகளுக்கு. நேரத்தோடு கண்டால் காப்பாற்றலாம்.

மக்தபில் ஆறு வயதுப் பிள்ளைக்கு இஸ்தின்ஜாவை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக் கொடுக்கும் சமூகம் நாங்கள். அதே நாங்கள் விஞ்ஞானப் பாடத்தில் இனப்பெருக்க அத்தியாயம் வந்தால் “வீட்டில் வாசியுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். தன் உடம்பில் வலி வந்தால் சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை, வாயில்லா ஜீவனின் வலியை எப்படிக் கேட்கும்?

குதிரை, கழுதை வைத்திருப்பவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். சிறுநீர் கழிக்க முக்கினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், உடனே மிருக வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.