ஞாயிற்றுக்கிழமை முத்திரைகள்

அக்டோபர் 23, ஸாகோபானே, போலந்து

பார்த்துவிட்டேன். கண் திறக்கிறான். என்னைத்தான் பார்க்கிறானா என்று தெரியவில்லை.

அக்டோபர் 24

டாக்டர் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தலையில் வீக்கம் வடிகிறது. இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். நடப்பானா என்று கேட்டேன். பொறுங்கள் என்றார்.

விழுந்தது 13ஆம் தேதி, ஞாயிறு. விசா வாங்கிக் கிளம்பவே எனக்கு எட்டு நாள் ஆகிவிட்டது. கென்ஷா ஷியா என்று ஒரு முகடு, 1489 மீட்டர். ஏறுவதற்கு மரப்படி போட்டிருக்கிறார்களாம். ஈரப்பனியில் அந்தப் படியில்தான் வழுக்கியிருக்கிறான். மலை மீட்புப் படை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தது. எவ்வளவு கட்ட வேண்டும் என்று கைப்பையைத் திறந்துகொண்டு நின்றேன். ஒரு காசும் வாங்குவதில்லையாம். கார்வோவிச் என்று ஒரு இசையமைப்பாளர் 1909இல் இங்கே பனிச்சரிவில் சிக்கி இறந்திருக்கிறார். அந்த வருஷமே இந்தப் படை அமைந்தது என்றார்கள். யாரோ ஒருவர் செத்ததற்கு நான் நன்றி சொல்வதா?

விழுந்த அன்று காலை பதினொரு மணிக்கு என்னிடம் பேசினான். "லைப்ரரில இருக்கேம்மா. சத்தமாப் பேச முடியாது."

அக்டோபர் 25

ராத்திரி முழுக்கக் காற்று. ஹால்னி என்று பெயராம். மலையின் தெற்கிலிருந்து சூடாக இறங்கும். இந்தக் காற்று அடிக்கும்போது யாருக்கும் தூக்கம் வராது என்கிறாள் வீட்டுக்கார அம்மா. எனக்கு அதற்கு முன்பும் வரவில்லை.

அக்டோபர் 27

அவன் பையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாளாகத் தொடவில்லை. இன்று திறந்தேன். ஈரம் காய்ந்த காலுறை, பாதி சாக்லேட், உள்ஜிப்பில் ஒரு சின்னப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் முத்திரை, பக்கத்திலேயே அவன் கையால் தேதி. மலையேறுகிறவர்கள் போன இடத்தில் குத்திக்கொள்வார்களாம்.

எல்லாம் ஞாயிறு. தென்காசியில் காலண்டரைப் பார்த்து நான் போனுக்குக் காத்திருந்த ஞாயிறுகள். மார்ச்சில் ஒன்று, அன்று "துணி துவைக்கேன்" என்றான். மே மாதம் ஒன்று, அன்று "பரீட்சைக்குப் படிக்கேன்" என்றான். ஒரு முத்திரை மட்டும் திரும்பத் திரும்ப ஆறு தடவை. வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். அவள் பேசினால் போன் தமிழில் சொல்லும். "விக்டோருவ்கி. காட்டுக்குள் ஒரு மரக்கோயில்." பிறகு அவளாக ஒன்று கேட்டாள். போன் அதையும் ஒரே குரலில் சொன்னது: "உங்களிடம் சொல்லவில்லையா?"

கோபம் வந்தது. படுத்துக் கிடக்கிற பிள்ளை மேல் கோபம். நான் அவனை ஐந்தருவிக்குக்கூடத் தனியாக அனுப்பியதில்லை. அனுப்பாமல்தானே காப்பாற்றி வைத்திருந்தேன்.

அக்டோபர் 29

"தண்ணி" என்றான்.

நவம்பர் 1

இன்று இந்த நாடே கல்லறைக்குப் போகிறது. மூடி போட்ட கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகு எரிகிற விளக்குகளைக் கை நிறைய எடுத்துப் போகிறார்கள். ஸ்னிச் என்கிறார்கள். வீட்டுக்கார அம்மா விக்டோருவ்கிக்குப் போவதாகச் சொன்னதும் நானும் கிளம்பினேன்.

ஸாஸாத்னியாவில் காரை நிறுத்திவிட்டு நீலக்கோடு அடித்த பாதையில் ஒரு மணி நேரம். இருபக்கமும் ஊசியிலை மரம். எழுபதைத் தாண்டிய அவள் முன்னால், நான் மூச்சிரைத்துப் பின்னால். காட்டுக்குள்ளேயே கோயில். கறுத்த மரம், பலகைச் சில்லு வேய்ந்த கூரை, நம் ஊர்ப் பிள்ளையார் கோயில் அளவுதான் இருக்கும். வாசலில் கை தானாகப் பூட்ஸ் நாடாவை அவிழ்த்தது. தரை குளிரும் என்று சைகை காட்டினாள், அப்புறம் விட்டுவிட்டாள். உள்ளே மெழுகு வாசனையும் நனைந்த கம்பளி வாசனையும். மாதா சின்னதாக இருந்தாள். எனக்குத் தெரிந்தது முருகன் பேர்தான். அதைத்தான் சொன்னேன்.

1860 வாக்கில் ஆடு மேய்த்த ஒரு பெண்பிள்ளை மூடுபனியில் ஆடுகளைத் தொலைத்துவிட்டு இங்கே அழுதுகொண்டு நின்றாளாம். மாதா தோன்றி ஆடுகள் பத்திரமாக இருப்பதாகச் சொன்னாளாம். எனக்கு அந்தப் பிள்ளையின் அம்மா ஞாபகமாகவே இருந்தது. இருட்டி வீட்டுக்கு வந்தவளிடம் என்ன கேட்டிருப்பாள்? "எங்கடி போனே" என்றுதான்.

வெளியே மலையில் இறந்தவர்களுக்குப் பெயர்ப் பலகைகள். உடல்கள் வேறெங்கோ. சிலருக்கு வயது இருபதைத் தொடவில்லை. பலகை இல்லாத ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா ஒரு பலகையைக் கைக்குட்டையால் துடைத்தாள். அவள் தம்பி. போனை நீட்டினேன். "அம்மா அவன் பூட்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கடன் வாங்கிய பூட்ஸில் போனான். அளவு பெரியது." விளக்கை ஏற்றினாள். காற்றுக்கு நான் முந்தானையைப் பிடித்தேன்.

டொமினிக்கன் துறவிகள் வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் தருகிறார்கள், காசில்லாமல். கை சூடாகும்வரை டம்ளரைப் பிடித்திருந்தேன். இந்தச் சூட்டுக்கு ஆறு தடவை வந்திருக்கிறான். அவன் படத்தைக் காட்டி இவனைத் தெரியுமா என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை.

கொஞ்சம் மேலே காடு முடிந்து ருசினோவா புல்வெளி. ஆடுகளை செப்டம்பரிலேயே இறக்கிவிட்டார்களாம். எதிரே மலைகள் வரிசையாக வெள்ளையில் நின்றன. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் ஊரிலிருந்து போன் பண்ணினார். எங்கே இருக்கிறாய் என்றார். ஆஸ்பத்திரியில் என்றேன்.

நவம்பர் 4

வலது கால் விரல் அசையவில்லை. இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்.

நவம்பர் 7

நன்றாகப் பேசுகிறான். ரசம் கேட்டான். இங்கே புளிக்கு எங்கே போவேன்?

கிளம்பும்போது, "அம்மா, என் பை?"

"ரூம்ல இருக்கு."

"நீ தொறந்து பாத்தியா?"

"இல்லடா."

கண்ணை மூடிக்கொண்டான். ரூமுக்கு வந்து புத்தகத்தை உள்ஜிப்பிலேயே வைத்தேன். சாக்லேட் எந்தப் பக்கம் இருந்தது என்றுதான் ஞாபகமில்லை.