"கரண்ட்தான் இல்லையே!"

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, விடுதி)



இவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் மாலை, படிப்பு நேர மணி அடிப்பதற்குச் சற்று முன்பாகப் பெருங்காற்றுடன் மழை பெய்து ஓய்ந்தது விடுதித் தோழியருக்கு நினைவிருக்கும். பின்புறச் சந்தில் வேப்பங்கிளை ஒன்று முறிந்து மின்கம்பியின் மேல் விழுந்தது. கம்பி அறுந்து மதிலோரமாகத் தொங்கியது. விடுதி முழுவதும் இருண்டது. கொடியிலிருந்து பறந்து சந்தில் விழுந்துவிட்ட தன் பாவாடையை எடுக்க ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நான் எட்டி அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டேன். நன்றாக வலித்திருக்க வேண்டும். அழுதுகொண்டே கேட்டாள்: "ஏன்க்கா இழுக்கிறீங்க? கரண்ட்தான் இல்லையே!"

அந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்குக் கைகால்கள் நடுங்கின. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அதே சொற்களை அதே குரலில் சொன்னவள் நான். அன்று மாலை அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பள்ளி மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடு என்று தமிழாசிரியை கேட்டபோது, அந்தப் பதிலையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். மணல் பூமி. தென்னையும் மாவும் முந்திரியும் எங்களுக்குச் சோறு போட்டு வந்தன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி இரவு படுக்கப் போனபோது இருந்த ஊர் மறுநாள் காலையில் இல்லை. 16ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. முதலில் வடக்கிலிருந்து காற்று அடித்தது. பிறகு சிறிது நேரம் ஓர் இலைகூட அசையவில்லை. "விட்டுடுச்சு போலிருக்கு" என்று சித்தப்பா கதவைத் திறக்கப் போனார். அப்பாயி விடவில்லை. அவர் பழைய புயல்களைக் கண்டவர். சொல்லி வைத்தாற்போல் தெற்கிலிருந்து முன்னிலும் மூர்க்கமாகக் காற்று திரும்பியது. அப்பா அப்போது சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்ததால் நான்கு நாள் வரை நாங்கள் உயிரோடிருக்கும் செய்தியே அவருக்குப் போய்ச் சேரவில்லை.

விடிந்தபோது எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ண முடிந்தது. சிமெண்டு மின்கம்பங்கள் இடுப்பளவில் ஒடிந்து, உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகள் வெளியே தெரியக் கிடந்தன. அந்தப் புயலில் டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வேலியில் கம்பி, குளத்தில் கம்பி, கோழிக்கூட்டின் மேல் கம்பி.

முதல் இரண்டு நாள் எல்லோரும் அஞ்சி ஒதுங்கி நடந்தோம். மூன்றாம் நாள் அச்சம் குறைந்தது. ஒரு வாரத்தில் அடியோடு மறந்துபோயிற்று. கரண்ட் வர ஒரு மாதமாகும் என்று எல்லோருமே பேசிக்கொண்டார்கள். பையன்கள் சாய்ந்த கம்பத்திலிருந்து தொங்கிய கம்பியில் ஊஞ்சலாடினார்கள். எங்கள் அப்பாயி, கொல்லையில் தரையோடு தாழ்ந்து கிடந்த கம்பியில் புடவை உலர்த்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொடி கட்ட ஊரில் ஒரு மரம் மிச்சமிருக்கவில்லை.

கம்பங்களை நட வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். கேரளாவிலிருந்தும் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தது கோவைப் பக்கத்துக் குழு. பள்ளிக்கூடத்தில் தங்கி, சேற்றில் இறங்கி, பொழுது சாயும்வரை வேலை செய்தார்கள். அவர்களுள் மூத்தவரை நாங்கள் லைன்மேன் மாமா என்று அழைத்தோம். எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் மதியக் கஞ்சி குடிப்பார். என்னைக் "கண்ணு" என்று கூப்பிடுவார். அவருக்கும் என் வயதில் ஒரு பேத்தி உண்டாம்.

பதினெட்டாம் நாள் காலையில் 'குட்டி யானை' வண்டியில் ஒரு ஜெனரேட்டர் எங்கள் தெருவுக்கு வந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகும். எங்கள் முறை வந்ததும் சித்தப்பா, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு ஒயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை வீட்டுச் சுவரிலிருந்த பிளக்கிலும் செருகினார். இப்படிச் செருகினால் வீடு முழுவதற்கும் மின்சாரம் வரும். அப்படித்தான் பல வீடுகளிலும் செய்தார்கள். வெளியில் நின்றுகொண்டு, "சுவிட்சைப் போடும்மா" என்று என்னைக் கூப்பிட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மா, "மெயினை இறக்கியாச்சா?" என்று கேட்டார்.

"கரண்ட்தான் இல்லையேம்மா!" என்று சொல்லிவிட்டு நான் சுவிட்சைப் போட்டேன்.

பதினெட்டு நாளைக்குப் பிறகு மின்விசிறி சுற்றியது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நான் கைதட்டினேன். சில நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. கொல்லைப்புறமிருந்து அப்பாயியின் அலறல் கேட்டது.

எங்கள் செவலைப் பசு, கொல்லையில் கிடந்த கம்பியருகே நான்கு கால்களும் விறைக்க விழுந்து கிடந்தது. முந்தின இரவு பெய்த மழையில் மண் ஈரமாயிருந்தது. அப்பாயி அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அடுத்த கம்பத்தருகே நின்ற லைன்மேன் மாமா, "ஆத்தா! அங்கயே நில்லுங்க! காலைத் தூக்காதீங்க!" என்று கத்தினார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, யார் சொல்லையும் கேளாத எங்கள் அப்பாயி அப்படியே நின்றார். காலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

மாமா ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். ஜெனரேட்டர் ஓசை! வேலியைச் சுற்றித் தெருப்பக்கம் ஓடிவந்து அதை நிறுத்தினார். அதன் பிறகுதான் அப்பாயியை நடந்துவரச் சொன்னார். பசு போய்விட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கம்பியிலிருந்து அப்பாயி புடவையை எடுத்து மடித்திருந்தார்.

மாமா திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். செம்பைப் பிடித்த கை நடுங்கியது. துணைமின் நிலையத்தில் சொல்லி, எல்.சி. வாங்கி, அந்தப் பாதையில் மின்சாரம் வராது என்று உறுதி செய்துகொண்டுதான் அவர் வேலையைத் தொடங்கியிருந்தார். கம்பியை மண்ணோடு இணைக்கும் கோலை மாட்டுவதற்காக அதை நெருங்கிக்கொண்டிருந்தார். துணைமின் நிலையத்திலிருந்து வராத மின்சாரம் எங்கள் வீட்டிலிருந்து வந்தது. மெயின் சுவிட்சை இறக்காததால், ஜெனரேட்டர் மின்சாரம் மீட்டர் வழியாகப் பின்னோக்கிப் போய்த் தெருக்கம்பியில் ஏறிவிட்டது. கம்பி அப்பால் அறுந்து கிடந்ததால் வேறு வீடுகளின் பாரமும் அதற்கில்லை. ஆகவே ஜெனரேட்டர் சற்றும் திணறாமல் ஓடியது. கம்பி அறுபடாமல் டிரான்ஸ்பார்மர் வரை போயிருந்தால் கேடு இன்னும் பெரிது என்றார் மாமா. 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குத் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாகச் செலுத்தினால் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கில் உயர்த்திவிடும். அடுத்த ஊரில் கம்பத்தின் மேல் ஏறி நிற்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

"யாரு சுவிட்சு போட்டது?" என்று அவர் கேட்டார்.

"நான்தாங்க" என்றார் சித்தப்பா.

நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

பசு ஏன் செத்தது, அப்பாயி எப்படித் தப்பினார் என்ற கேள்வி என்னை நெடுநாள் வாட்டியது. இவ்வாண்டு மின்னழுத்தம் பாடம் நடத்திய சிஸ்டரிடம் அதைக் கேட்டேன். சிஸ்டர் கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்து, குளத்தில் கல் எறிந்தாற்போல் அதைச் சுற்றி வட்டங்கள் வரைந்தார். உயிருள்ள கம்பி மண்ணில் விழுந்தால் அந்த இடத்தில் மின்னழுத்தம் மிக அதிகம். விலக விலக, வட்டத்துக்கு வட்டம் குறைந்துகொண்டே போகும். நாம் எட்டி நடந்தால் ஒரு கால் ஒரு வட்டத்திலும் மறு கால் வேறொரு வட்டத்திலும் இருக்கும். அந்த வேறுபாடே மின்சாரத்தை ஒரு கால் வழியே ஏற்றி மறு கால் வழியே இறக்கும். கம்பியைத் தொட்டிருக்க வேண்டியதே இல்லை. மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். நடுவில் இருப்பது நெஞ்சு. செவலை கம்பியை மிதித்ததா, அருகில் நின்றதா என்பதை யாரும் பார்க்கவில்லை. இரண்டில் எதுவானாலும் அதற்குப் போதும்.

ஆகவே கம்பிக்கு அருகில் அகப்பட்டுக்கொண்டால் எட்டு வைத்து ஓடக் கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாகத் தேய்த்து நகர வேண்டும். பாதங்கள் பிரியாமல் தவளை போல் தாவியும் வரலாம். ஆனால் தடுமாறிக் கையூன்றினால் ஆபத்து. முப்பத்தைந்து அடியாவது விலகிவிட வேண்டும். இதை விடுதி வராந்தாவில் நான் தங்கைகளுக்குச் செய்து காட்டியபோது, மொட்டை மாடியிலிருந்து பார்த்த வார்டன் சிஸ்டர் எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்றே நினைத்தாராம்.

கம்பி பொறி விடவில்லை, எனவே உயிரில்லை என்று நினைப்பதும் தவறு. எங்கள் ஊர் போன்ற மணல் பூமியில், மண் காய்ந்திருந்தால் தரைக்குள் போகிற மின்சாரம் குறைவாயிருக்கும். பியூஸ் போவதற்கு அது போதாது. ஆனால் ஓர் ஆளைக் கொல்லப் போதும். ஓசையில்லை, ஒளியில்லை, பாம்புச் சட்டை போல் கிடக்கும். அறுந்தபோது உண்மையிலேயே உயிரற்றிருந்த கம்பிக்கும், மின்வாரியத்தார் வேறு பாதையைச் சரிசெய்து மின்சாரம் விட்டுப் பார்க்கும்போது உயிர் வந்துவிடலாம். ரப்பர்ச் செருப்பையும் மூங்கில் கழியையும் நம்பிக் கம்பியை ஒதுக்கப் போகிற வீரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நனைந்த கழி மின்சாரத்தைக் கடத்தும். கம்பி முள்வேலியின் மேலோ தகரக் கூரையின் மேலோ விழுந்திருந்தால், நெடுந்தூரம் தள்ளி வேலியைத் தொடுகிறவருக்கும் ஆபத்து உண்டு. நாம் போகும் வேன் மேல் கம்பி விழுந்தால், வண்டி தீப்பற்றினாலன்றி இறங்கக் கூடாது. உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் காவல்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று. நம்மவர் ஒருவர் விழுந்து கிடக்கையில் ஓடிப்போய்த் தூக்காமல் நிற்பது. அப்பாயிக்கு அந்தப் பசு பிள்ளை மாதிரி. அவர் எப்படித்தான் நின்றாரோ! மின்சாரத்தை நிறுத்தும்வரை விழுந்தவரைத் தொடக் கூடாது. தொட்டவர் இரண்டாவதாக விழுவார். அவரைத் தூக்கப் போகிறவர் மூன்றாவது.

மறுபடியும் அக்டோபர் மாலைக்கு வருகிறேன். அன்று பெரிய வகுப்பு மாணவியர் இருவரும் காவல்காரத் தாத்தாவும் சந்தின் இரு முனைகளிலும் டார்ச்சு விளக்கோடு தள்ளி நின்று, வருவோரைத் திருப்பி அனுப்பினோம். சிஸ்டர் 94987 94987 என்ற மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணுக்குப் பேசினார். இது 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கஜா காலத்தில் இந்த எண் இல்லை. ஊழியர் வந்து சோதித்தார். விளக்கு அணைந்தது விடுதிப் பக்கம் மட்டுந்தான். மதிலோரம் தொங்கிய துண்டு, மின்சாரம் வருகிற பக்கத்துக் கம்பத்திலிருந்து தொங்கியது. அதில் உயிர் இருந்தது. பாவாடை அதற்கு இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது.

பின்னலை இழுத்ததற்குத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பதிலுக்கு இன்னொரு முறை தவளை போல் தாவிக் காட்டச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் இப்போது சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறது. ஜெனரேட்டரையும் தெருக்கம்பியையும் ஒருசேர இணைக்க அது இடம் கொடுக்காது. அப்பாயி நைலான் கயிற்றில்தான் துணி உலர்த்துகிறார். லைன்மேன் மாமா ஓய்வு பெற்றுவிட்டார். பொங்கல்தோறும் தொலைபேசியில் அப்பாயியை நலம் விசாரிப்பார்; சித்தப்பாவிடம் பேசும்போது, "மெயினை இறக்கிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். சித்தப்பாவும் சிரிப்பார். இந்த மலர் அச்சாகி வந்ததும் அவர்கள் இருவருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பப் போகிறேன். சுவிட்சைப் போட்டது சித்தப்பா அல்ல என்பது மாமாவுக்கு இன்னும் தெரியாது.