நீலக்கோடு

வரைபடத்தில் மழைத்தண்ணிக்கு நீலக்கோடு, மலத்தண்ணிக்குச் சிவப்புக்கோடு. எங்கள் ஆபீசில் இதுதான் வழக்கம். சிவில் டிப்ளமா முடித்து, சென்னையின் தெற்குப் புறநகரில் பதினெட்டு வருசமாக இந்தக் கோடுகளைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வருவார்கள். நிலத்தின் மட்டம், குழாயின் வாட்டம், சேம்பரின் ஆழம், மழைநீர் சேகரிப்புக் கிணறு (2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம்) எல்லாம் தாளில் இருந்தால்தான் அனுமதி.

ரெண்டு தண்ணியும் சேரக்கூடாது என்பது முதல் விதி. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. ஒன்று ஆற்றுக்கோ கடலுக்கோ போகும், இன்னொன்று சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகணும். சாதி பார்க்கிற ஊர் மாதிரி, தாளில் ரெண்டும் ஒன்றை ஒன்று தொடாது.

தாழ்ந்த நிலமென்றால் வெள்ள மட்டத்துக்கு மேலே மண்ணைக் கொட்டி உயர்த்தச் சொல்வார்கள். அந்த மண் தள்ளிவிடுகிற தண்ணி எங்கே போகும்? தாளில் காம்பவுண்டுச் சுவரோடு அம்புக்குறி முடிந்துவிடும். 2015 டிசம்பர் மழையில் அது எங்கள் காலனிக்குள் இடுப்பளவு வந்து நின்றது. அதைத் தனியாகத்தான் எழுதணும்.

சிவப்புக்கோட்டுக்கு வருகிறேன். புறநகரில் பல இடங்களில் கட்டிடம் முதலில் வரும், பாதாளச் சாக்கடை பல வருசம் கழித்து வரும். அதுவரை மலத்தொட்டியும் லாரியும்தான். லாரிக்குக் காசு ஆகும். ராவோடு ராவாக ஒரு குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிட்டால் காசு மிச்சம். செய்கிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. சித்திரை வெயிலில் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள், மழையே இல்லாமல் தண்ணி ஓடும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த வடிகாலுக்குள் இறங்கித் தூர் வாருகிறவர் என் சித்தப்பா. கான்ட்ராக்ட் வேலை. "மெயின் ரோட்டுக்கு மெசினு வருது. சந்துக்குள்ள அது எப்பிடிடா நொழையும்? அங்க நாமதான் மெசினு" என்பார். அவரோடு இறங்குகிற எல்லாரும் எங்கள் சனங்கள்தான். வேறு சாதிக்காரர் ஒருத்தர் இறங்கி அவர் பார்த்ததில்லை.

குழியின் அளவு எனக்கு மனப்பாடம். 1.65 மீட்டர் ஆழம் வரை 90 செ.மீ. விட்டம், அதற்கு மேல் 2.30 மீட்டர் வரை 120. மூடியின் வாய் ஒரு ஆள் கருவியோடு இறங்குகிற அகலம் இருக்கணும். மனுசத் தோளை வைத்துத்தான் அந்த அளவு. யார் தோள் என்று கையேட்டில் இல்லை. மேன்ஹோல் இனிமேல் மெசின்ஹோல் என்று 2023 பட்ஜெட்டில் ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்தார். எங்கள் சந்துக்கு அந்தப் பேர்கூட இன்னும் வந்து சேரவில்லை.

போன வருசம் புரட்டாசியில் சித்தப்பா உள்ளேயே மயங்கிவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து மேலே நின்ற ரெண்டு பையன்கள் இழுத்துப் போட்டார்கள். "அழுகின முட்ட நாத்தம் வந்துச்சுடா. அப்புறம் நாத்தமே இல்ல. போயிடுச்சுன்னு நெனச்சேன்." ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாமல் போய்விடும். பிழைத்தார். இப்போதும் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ஆஸ்பத்திரிச் செலவு கேட்கப் போனோம். "அது சாக்கடை இல்ல தம்பி, மழைத்தண்ணி கால்வா. சட்டம் சாக்கடைக்குத்தான்" என்றார் கான்ட்ராக்டர். அதிகாரியும் அதையே சொல்லி பிளானை விரித்துக் காட்டினார். நீலக்கோடு.

2013ஆம் வருசச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்கக்கூடாது என்கிறது 7ஆவது பிரிவு. மீறினால் முதல் தடவைக்கே 2 வருசம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். சாக்கடை என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது: மனித மலத்தைக் கொண்டுபோகிற நிலத்தடிக் குழாய். பிளானில் அதற்கு என்ன பேர் வைத்தார்கள் என்று அது கேட்கவில்லை. சாக்கடையில் செத்தால் 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்கும் மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்கும் குறையாமல் கொடுக்கணும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நானும் அந்த ரெண்டு பையன்களும் மூணு ஞாயிற்றுக்கிழமை தெருவை அளந்தோம். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, மேலிருந்தே டேப்பை விட்டோம். யாரும் இறங்கவில்லை. நாலு அடுக்குமாடி, ஆறு குழாய். ஒரு வாட்ச்மேன் பேரைக் கேட்டார், அப்புறம் எந்தத் தெரு என்று கேட்டார். எதுக்குக் கேட்கிறார் என்று நமக்குத் தெரியாதா?

ராத்திரி உட்கார்ந்து வரைந்தேன். 1:200 அளவு. ஆறு சிவப்புக்கோடும் நீலக்கோட்டில் போய்ச் சேருகிற இடங்கள், ஒவ்வொன்றின் மட்டம், சித்தப்பா விழுந்த குழி, அதன் ஆழம் 2.10 மீட்டர். மனுவோடு சேர்த்துக் கலெக்டர் ஆபீசில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறோம். பதில் வரவில்லை. மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது. தூர் வார ஆள் வேணும் என்று கான்ட்ராக்டர் அந்தப் பையன்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.